அரைக் கண்ணி

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
செக்கானூரணி பஸ்ஸில் நாங்கள் ஏழு பேர்,
ஒரு சங்கிலி, மூன்று கொடிக்கம்பு.
கம்புகளுக்கும் டிக்கெட் போட்டார் கண்டக்டர்.
சாந்தாராம்தான் காசு கொடுத்தார்.
விளக்குத்தூண் பக்கம் சுங்கடிச் சேலைக் கடை,
வானத்தையும் கஜத்தில் பார்க்கிற மனுஷர்.
டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
ஆவணமாம்.

சங்கிலி எனக்குக் கிடைத்தது
பழைய இரும்புக் கடையில், எடைக்கு.
நூறு கண்ணி, அறுபத்தாறு அடி.
பத்துக்கொரு பித்தளை வில்லை:
ஒரு பல், இரு பல், மூன்று பல்,
கண் பார்க்காமலே விரல் எண்ணிவிடும்.

கண்மாய்க் கரையில்
நூருல் அமீன் தியோடலைட்டுக்கு முக்காலி விரித்தார்.
மூன்றாவது கால் மண்ணில் பதிவதற்குள்
ஊர் வந்துவிட்டது.

"நாலுவழிச் சாலையா?"
"கேஸ் குழாயா?"
"எம்புட்டு எடுக்குறீக?"
வேட்டியை மடித்துக் கட்டியவரின் பின்னால்
பட்டாவோடு ஒரு பையன்,
லேமினேட் செய்த பட்டா.

எதையும் எடுக்க வரவில்லை என்றோம்.
"பெறகு எதுக்கு அளக்குறீக?"

எங்கள் சங்கத்தின் விதிகளில் அதற்குப் பதில் கிடையாது.
முன்னே எப்படி அளந்தார்கள் என்று பார்க்கத்தான்
என்றாள் ஜெசிந்தா.
வாடிப்பட்டி தாலுகா ஆபீசில் வரைவாளர்;
வேலைநாளெல்லாம் எல்லை வரைந்துவிட்டு
லீவு நாளில் அதையே தேடி வருகிறவள்.
ஒருவரும் நம்பவில்லை.
நம்பாமலே டீ வாங்கிவந்து கொடுத்தார்கள்.

அளப்பதற்கு முன்னால் அளப்பதை அளக்க வேண்டும்.
கரைமேல் சங்கிலியைக் கிடத்தி
பக்கத்தில் இரும்பு டேப்பை ஓட்டினோம்.
அரைக் கண்ணி கூடுதல்.
யார் யார் இழுத்த இழுப்போ,
எந்தெந்தக் கருவேல முள்ளில் மாட்டி உதறியதோ,
ஒவ்வொரு வளையமும் மயிரிழை வாய் பிளந்து
நூறுக்கு அரை நீண்டிருந்தது.

நீண்ட சங்கிலி குறைத்துச் சொல்லும்
என்றாள் ஜெசிந்தா, டீக் கிளாஸை மண்ணில் வைத்துவிட்டு.
நீளத்துக்கு அரை, அகலத்துக்கு அரை.
ஏட்டில் நூறு சென்ட் என்றால்
தரையில் நூற்றியொன்று கிடக்கும்.

கைதட்டினோம்.
தப்பு அகப்பட்டதற்குக் கைதட்டுகிற கூட்டம்
மதுரை ஜில்லாவில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அந்த ஒரு சென்ட் இப்ப யார்கிட்ட இருக்கு?"

ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி பஞ்சவர்ணம்.
கொழுந்தனோடு பதினேழு வருச வரப்புத் தகராறு,
உசிலம்பட்டி கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக.
"எனக்கு நாப்பது சென்ட். எம்புட்டு வரும்?"
சென்டில் பத்துக்கு நாலு பங்கு, என்றேன்,
சதுர அடியில் நூற்றியெழுபத்து நாலு.
"பெரிய ஆடு ரெண்டு, குட்டி அஞ்சு படுக்கும்"
என்றாள், நான் சொல்லி முடிப்பதற்குள்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது:
அம்மா, இது இரும்புக் கடைச் சங்கிலி,
எந்த ஊரில் புழங்கியதோ தெரியாது.
உங்கள் நிலத்தை அளந்தது வேறு சங்கிலி.

"வேற சங்கிலி நீளாதாக்கும்?"

வெயில் ஏறியது.
நாகமலை தண்ணீரில் பார்ப்பதுபோல் அசைந்தது.
நூருல் அமீன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
தொலைநோக்கிக்குள் ரொம்ப நேரம் ஒளிந்துகொண்டார்.

பிற்பகல் முச்சந்திக் கல்லைத் தேடினோம்.
கிடைத்தது, மடைக்குப் பக்கத்தில்,
துணி துவைக்கிற கல்லாக.
மூன்று ஊர் எல்லைமேல் ஒரு நீலச் சோப்பு.

புறப்படும்போது ஊசிகளை எண்ணினோம்.
சங்கிலிக்கொன்றாகக் குத்திப்போகும் இரும்பு ஊசி,
வரும்போது பத்து,
இப்போது ஒன்பது.
செடி விலக்கிப் பார்த்தோம், சேறு கிளறிப் பார்த்தோம்.
பஸ் ஹாரன் அடித்தது.

அடுத்த மாதம் அதே வழியாகப் போனோம், வேறு கண்மாய்க்கு.
ஜன்னலில் பஞ்சவர்ணத்தின் நிலம் வந்தது.
தலையில் சிவப்புத்துணியோடு ஊசி,
அதில் கட்டிய ஆடு நின்றபடி மென்றுகொண்டிருந்தது,
வரப்பிலிருந்து
கொழுந்தன் பக்கமாக ஒரு முழம் தள்ளி.

இறங்கிக் கேட்டுவிடலாமா என்றார் சாந்தாராம்.
ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
நான் இருப்புப் பதிவேட்டைத் திறந்தேன்.
சங்கிலி ஒன்று. கொடிக்கம்பு மூன்று.
ஊசி ஒன்பது.